பட்டமா? பணமா? பொறுப்பா?

நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, இந்த மேடையையே ஒரு கலக்குக் கலக்கிவிட்டு, இப்போது ஒன்றும் தெரியாதவர்களைப்போல் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! எங்கள் அணிக்குத் தோள் கொடுத்துப் பேசிய தம்பி, தங்கையே! அரங்கம் நிறைந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் சகோதரிகளே! முதல்ல போய்ப் பாலை இறக்கி வச்சிட்டு வாங்க, நான் காத்திருக்கேன். (சிரிப்பு) 

நடுவர் ஐயா வழக்கமா நமக்கு மாமியாரா மருமகளா, கூட்டுக் குடும்பமா தனிக் குடித்தனமா என்றுதான் தலைப்புக் கொடுப்பார். இன்றைக்கு ஒரேயடியாகக் கடலைத் தாண்டிவிட்டார். 'அமெரிக்க அதிபர் நாற்காலிக்கு முதல் தகுதி அறிவா? தொழில் வெற்றியா? பொறுப்புணர்வா?' என்று கேட்டுவிட்டார். கேட்டது நியாயம்தான். அந்த ஊர்ல தேர்தலுக்குத் தேர்தல் இந்த மூணையும் வச்சுத்தான் சண்டை. இவர் புத்திசாலியா? இவர் நடத்தின கம்பெனி லாபமா, நஷ்டமா? இவரை நம்பி நாட்டைக் கொடுக்கலாமா?

முதல் அணியில் பேசிய அம்மையார், "அறிவில்லாதவன் கையில் அணுகுண்டைக் கொடுக்கலாமா?" என்று கேட்டார்கள். கேட்டதும் அரங்கமே நடுங்கிப்போச்சு. இரண்டாம் அணியில் பேசிய தம்பி, "நாடு என்பது ஒரு பெரிய கம்பெனி. ஒரு பெட்டிக்கடையை லாபமா நடத்தத் தெரியாதவன் எப்படி ஐயா நாட்டை நடத்துவான்?" என்று கேட்டார். கைதட்டல் அடங்க இரண்டு நிமிஷம் ஆச்சு. நானும் தட்டினேன். நல்லாப் பேசினா தட்டத்தானே வேணும்? ஆனா தட்டின கையாலேயே இப்ப மறுக்கவும் போறேன்.

ஐயா, அமெரிக்க அரசியல் சட்டத்தை 1787-இல் எழுதினார்கள். அதிலே அதிபருக்கு என்ன தகுதி போட்டிருக்காங்க? மூணே மூணு. பிறப்பால் அந்நாட்டுக் குடிமகனா இருக்கணும். 35 வயது ஆகியிருக்கணும். 14 வருஷம் அந்த நாட்டில் குடியிருந்திருக்கணும். அவ்வளவுதான்! பட்டம் கேட்கலே. பாங்கு பாஸ்புக் கேட்கலே. மற்றதெல்லாம் மக்கள் விசாரிச்சுக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

விசாரிக்கிறதுன்னா எப்படி? நம்ம வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். முதல் கேள்வி, "பையன் என்ன படிச்சிருக்காரு?" இரண்டாவது கேள்வி, "என்ன சம்பாதிக்கிறாரு?" இந்த இரண்டுக்கும் தரகரே பதில் சொல்லிடுவாரு. கூடவே கொஞ்சம் சேர்த்தும் சொல்லுவாரு. (சிரிப்பு) ஆனா வீட்டுல பாட்டி ஒருத்தி இருப்பா. அவ மெதுவா மூணாவது கேள்வியைப் போடுவா. "அதெல்லாம் சரிடா, அவங்க வீட்டுல ஒரு கஷ்டம் வந்தப்ப இந்தப் பையன் என்ன செஞ்சான்?" அதுதான் ஐயா கேள்வி! எங்கள் அணி அந்தப் பாட்டியின் அணி! (கைதட்டல்)

முதலில் அறிவுக்கு வருகிறேன். அமெரிக்க அதிபர்களில் முனைவர் பட்டம் வாங்கியவர் ஒருவரே ஒருவர்தான். உட்ரோ வில்சன். 1886-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கே தலைவராக இருந்தவர். ஒரு பேராசிரியர் நாட்டுக்குத் தலைவர் ஆனார் என்றால் எனக்கு உச்சி குளிராதா? நானும் முனைவர்தானே! ஆனால் அவர் அரசாண்ட கதையைப் படித்தால் குளிர்ந்த உச்சி கொஞ்சம் காய்ந்துபோகிறது.

1913-இல் பதவிக்கு வந்தார். வந்த அந்த ஆண்டிலேயே, அவர் ஆட்சியில், அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைத் தனியாகப் பிரித்து உட்கார வைக்கத் தொடங்கினார்கள். பக்கத்து மேசையில் வேலை பார்த்தவனைத் தடுப்புக்குப் பின்னால் தள்ளுவதற்கு முனைவர் பட்டம் தடையாக இல்லை!

அப்புறம் முதல் உலகப்போர் முடிந்தது. இனிமேல் சண்டையே வரக்கூடாது என்று உலக நாடுகளின் சங்கத்துக்குத் திட்டம் போட்டார். அருமையான திட்டம். நோபல் அமைதிப் பரிசும் கிடைத்தது. ஆனால் சொந்த நாட்டு செனட் சபை, "சில திருத்தங்களோடு ஏற்கிறோம்" என்றது. இவர் முடியவே முடியாது என்றார். விளைவு? 1919-இல் ஒருமுறை, 1920-இல் ஒருமுறை, செனட் அதை நிராகரித்தது. சங்கத்தை முன்னின்று கட்டியவர் நாடே கடைசிவரை அதில் சேரவில்லை. கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர் வீட்டிலிருந்து ஒருத்தர்கூடப் பந்திக்கு வரலே!

இன்னொன்றும் கேளுங்கள். 1919 அக்டோபரில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. உண்மை நிலைமையை மனைவியும் மருத்துவரும் மக்களுக்குச் சொல்லவில்லை. அதிபரிடம் எந்தக் காகிதம் போகலாம், எது போக வேண்டாம் என்பதை அந்த அம்மையாரே பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெரிய நாட்டின் தலைவர் வேலை செய்யும் நிலையில் இருக்கிறாரா என்பதே நாட்டுக்குத் தெரியாது! இப்படிப்பட்ட நிலைமைக்கு ஒரு வழி வேண்டும் என்று 1967-இல்தான் 25-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதிபரால் கடமையைச் செய்ய இயலவில்லை என்று துணை அதிபரும் அமைச்சரவையில் பெரும்பான்மையினரும் எழுதிக் கொடுக்க அதில் இடம் இருக்கிறது.

அந்த அம்மையார், "2018-இல் அதிபர் டொனால்டு டிரம்ப் அறிவுத் தேர்வு எழுதி 30-க்கு 30 வாங்கினாரே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். வாங்கினார் அம்மா, உண்மைதான். அவருடைய மருத்துவரே பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். ஆனால் அது என்ன தேர்வு? கடிகாரம் வரையச் சொல்வார்கள். படத்தில் இருக்கிற மிருகத்தின் பெயரைச் சொல்லச் சொல்வார்கள். ஞாபகசக்தி குறைந்திருக்கிறதா என்று முதற்கட்டமாகப் பார்க்கும் மருத்துவச் சோதனை அது. நல்லபடியா முடிச்சா ஆரோக்கியமா இருக்காருன்னு அர்த்தம், மகிழ்ச்சி. அதை மெத்தப் படித்த மேதாவி என்பதற்குச் சான்றாகக் காட்டுவதும் தவறு. அந்தச் சோதனை வைத்ததையே கேலி செய்வதும் தவறு. நாடு நடத்தும் தகுதியை எந்த 30 மார்க்கும் அளக்காது.

இப்போது தொழில் வெற்றிக்கு வருவோம். தம்பி, நீங்க வாதாடினது ஹெர்பர்ட் ஹூவருக்காக. நல்ல ஆளைத்தான் பிடிச்சீங்க. ஒன்பது வயதில் தாயும் தந்தையும் இல்லாத அநாதை. ஸ்டான்போர்டில் நில இயல் படித்துச் சுரங்கப் பொறியாளர் ஆனார். ஆஸ்திரேலியா, சீனா என்று சுற்றி, 40 வயதிலேயே கோடீசுவரர். முதல் உலகப்போரில் பட்டினி கிடந்த பெல்ஜியம் மக்களுக்கு உணவு அனுப்பியவர். அதிபராக இருந்தபோது வாங்கிய சம்பளத்தைத் தர்மத்துக்குக் கொடுத்தவர். கெட்டவர் என்று நான் சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

1928 தேர்தலில் அமோக வெற்றி. 1929 அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. 1930-இல் வெளிநாட்டுச் சரக்குகள்மேல் வரியை ஏற்றும் சட்டம் ஒன்று அவர் மேசைக்கு வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளாதார அறிஞர்கள், சரியாகச் சொன்னால் 1,028 பேர், "இதில் கையெழுத்துப் போடாதீர்கள்" என்று மனுக் கொடுத்தார்கள். போட்டார். மற்ற நாடுகளும் பதிலுக்கு வரி போட்டன. உலக வாணிபம் சுருங்கியது. 1933 வாக்கில் அமெரிக்காவில் வேலை தேடுகிற நாலு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. எல்லாமே அந்த ஒரு கையெழுத்தால் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தொழிலில் வென்றவர் என்பதால் நாட்டின் கணக்கும் தானாகச் சரியாகிவிடும் என்றீர்களே, அது எங்கே போச்சு?

தம்பி, நாடு கம்பெனி இல்லை. கம்பெனியில் நஷ்டம் வந்தால் ஆளைக் குறைக்கலாம். நாட்டில் குடிமகனுக்குச் சீட்டைக் கிழித்து அனுப்ப முடியுமா? நஷ்டத்தில் ஓடுகிற கிளையை மூடலாம். மழை பெய்யாத மாநிலத்தை மூட முடியுமா? கம்பெனியில் பிழைக்கத் தெரியாதவன் பாரம். நாட்டிலே அவனுக்காகத்தான் ஐயா அரசாங்கமே! (கைதட்டல்)

அதுவுமில்லாமல், தொழில் வெற்றி என்பதையாவது எல்லோரும் ஒப்புக்கொள்கிற மாதிரி அளக்க முடிகிறதா? 2016-இல் வென்ற டிரம்ப், அரசுப் பதவியோ ராணுவப் பணியோ முன்பு பார்க்காமல் அந்த நாற்காலிக்கு வந்த முதல் மனிதர். தொழிலதிபர் என்ற பெயரே அவருக்கு மூலதனம். 1991 முதல் 2009 வரை அவருடைய சூதாட்ட விடுதி, ஓட்டல் நிறுவனங்கள் 6 முறை திவால் சட்டத்தின் பாதுகாப்பைத் தேடின. தனிப்பட்ட முறையில் அவர் ஒருமுறைகூடத் திவால் ஆனதில்லை. ஆதரவாளரைக் கேட்டால், "பார்த்தீர்களா, சட்டத்தை எவ்வளவு சாமர்த்தியமாகப் பயன்படுத்தினார்!" எதிர்ப்பாளரைக் கேட்டால், "பார்த்தீர்களா, நடத்தத் தெரியவில்லை!" ஒரே கணக்கு, இரண்டு விடை. அவருக்கு மார்க் போட நான் வரவில்லை. 2020-இல் தோற்கடித்ததும் 2024-இல் மறுபடி தேர்ந்தெடுத்ததும் அந்நாட்டு வாக்காளர்கள்தான். நான் சொல்வது இதுதான். கணக்குப் புத்தகத்தின் கடைசி வரியை மட்டும் பார்த்தால் சண்டைதான் மிஞ்சும். அந்த நஷ்டம் வந்தபோது அது யார் தலையில் இறங்கியது என்று பார்த்தால்தான் மனுஷன் தெரிவான்.

அந்தப் பார்வையோடு, தொழிலில் தோற்ற இரண்டு கடைக்காரர்களைக் காட்டுகிறேன்.

ஒருவர் ஆபிரகாம் லிங்கன். பள்ளிக்கூடத்தில் இருந்த நாள் எல்லாம் சேர்த்தாலும் ஓர் ஆண்டு தேறாது. இல்லினாய் மாநிலத்தில் நியூ சேலம் என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு கூட்டாளியோடு மளிகைக் கடை வைத்தார். கடை நொடித்துப்போனது. 1835-இல் கூட்டாளியும் இறந்துபோனார். சுமார் 1,100 டாலர் கடன். அந்தக் காலத்தில் ஓர் ஏழை இளைஞனுக்கு அது மலை. நில அளவை வேலை பார்த்துப் பிழைத்துக்கொண்டிருந்தவரின் குதிரையையும் அளவைக் கருவிகளையும் கடனுக்காக ஜப்தி செய்தார்கள். நண்பர் ஒருவர் ஏலத்தில் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். கடன் முற்றிப்போனால் ராத்திரியோடு ராத்திரியாக மேற்கே ஓடிவிடுவது அங்கே அப்போது புதிதல்ல. இவர் ஓடவில்லை. செத்துப்போன கூட்டாளியின் பங்கையும் சேர்த்துப் பல ஆண்டுகள் கட்டித் தீர்த்தார். அதற்குத் 'தேசியக் கடன்' என்று தானே பெயர் வைத்துச் சிரித்துக்கொண்டார்!

இன்னொருவர் ஹாரி ட்ரூமன். கல்லூரிப் பட்டம் இல்லாத கடைசி அதிபர் அவர்தான். முதல் உலகப்போரிலிருந்து திரும்பி, 1919-இல் கன்சாஸ் நகரத்தில் நண்பரோடு சேர்ந்து ஆண்களுக்கான துணிக்கடை போட்டார். சட்டை, தொப்பி, கழுத்துப் பட்டி. 1922-இல் கடை மூடியாச்சு. நண்பர் பின்னால் திவால் மனுக் கொடுத்தார். சட்டம் அனுமதித்த வழி. அதில் குற்றம் இல்லை. ட்ரூமன் அந்த வழிக்குப் போகவில்லை. ஏறத்தாழ 15 ஆண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கடனைக் கட்டினார்.

உடனே தம்பி எழுந்து, "அப்படின்னா கடை திவாலானவங்க எல்லாம் அதிபர் ஆகலாமா?" என்று கேட்பார். (சிரிப்பு) அப்படி இல்லை தம்பி. கடை மூடினது தகுதி இல்லை. மூடின பிறகு நடந்துகொண்ட விதம் தகுதி. அந்தக் குணம் பதவிக்கும் கூடவே வந்ததா என்று பார்க்க வேண்டும். வந்தது ஐயா!

உள்நாட்டுப் போர் நடக்கிறது. தளபதி கிராண்ட் விக்ஸ்பர்க் நகரைப் பிடிக்கப் போகிறார். அவர் போன வழி தவறு என்று லிங்கன் நினைத்தார். 1863 ஜூலை 4-இல் விக்ஸ்பர்க் விழுந்தது. ஒன்பது நாள் கழித்து அதிபர் தளபதிக்குக் கடிதம் எழுதுகிறார். என்ன எழுதினார்? நீங்கள் நினைத்ததுதான் சரி, நான் நினைத்தது தவறு என்று ஒப்புக்கொண்டு எழுதினார். மேலதிகாரி கீழதிகாரிக்கு! நம்ம வீட்டுல கணவன் மனைவிக்கு இப்படி ஒரு வரி எழுதிக் கொடுத்தது உண்டா? (பலத்த கைதட்டல்) பெண்கள் பக்கம் சத்தம் கொஞ்சம் அதிகமா இருக்கு.

முதல் அணி, "லிங்கன் எங்கள் ஆள், அவர் மேதை" என்கிறது. மேதைதான். 1849-இல் ஆழம் குறைந்த இடத்தில் படகைத் தூக்கி விடுவதற்கு ஒரு சாதனம் கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கினார். காப்புரிமை பெற்ற ஒரே அதிபர் அவர். ஆனால் அந்தக் கடிதத்தை எழுத வைத்தது மூளை மட்டும் இல்லை அம்மா.

அடுத்து, ஒரே ஒரு தளபதியையும் இரண்டு அதிபர்களையும் சொல்கிறேன். தளபதி பெயர் டக்ளஸ் மக்கார்தர்.

1932 ஜூலை. பஞ்ச காலம். முதல் உலகப்போரில் சண்டை போட்ட முன்னாள் வீரர்கள், 1945-இல் தருவதாகச் சொன்ன தொகையை இப்போதே கொடுங்கள் என்று பெண்டாட்டி பிள்ளைகளோடு வாஷிங்டனில் குடிசை போட்டுக் கிடந்தார்கள். அவர்களை வெளியேற்ற மக்கார்தர் படையோடு போனார். ஆற்றைத் தாண்டி அவர்களுடைய பெரிய முகாமுக்குள் போக வேண்டாம் என்று அதிபர் ஹூவர் சொல்லி அனுப்பியதாக வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். படை தாண்டியது. குடிசைகள் எரிந்தன. ஹூவர் தளபதியைக் கண்டிக்கவில்லை. நடந்ததை ஆதரித்தே பேசினார். நல்ல மனிதர், அறிவாளி, கோடீசுவரர். அந்த ஒரு நாளில் நாற்காலியின் வேலையைச் செய்யவில்லை. அந்த நவம்பரில் மக்கள் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

19 ஆண்டுகள் கழித்து அதே மக்கார்தர். இப்போது உலகப்போரை வென்ற மாவீரர். மக்கள் கொண்டாடும் தலைவர். கொரியப் போரில் அதிபரின் கொள்கைக்கு எதிராக வெளிப்படையாகப் பேசினார். அதிபர் யார்? துணிக்கடை நொடித்த ட்ரூமன்! 1951 ஏப்ரல் 11-இல் பதவியிலிருந்து நீக்கினார். நாடே கொதித்தது. வீடு திரும்பிய தளபதிக்கு நியூயார்க்கில் பிரம்மாண்ட ஊர்வலம். அடுத்த ஆண்டு கருத்துக்கணிப்பில் ட்ரூமனின் ஆதரவு 22 சதவீதம் வரை இறங்கியது. தெரிந்தே செய்தார். போரா அமைதியா என்பதை மக்கள் தேர்ந்தெடுத்தவன்தான் முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் அவனிடம்தான் மக்கள் கணக்குக் கேட்க முடியும். தன் செல்வாக்கை விற்று அந்த நாற்காலியின் கடனைக் கட்டினார் ஐயா! (கைதட்டல்)

அவர் மேசைமேல் ஒரு சிறு பலகை இருந்தது. பொறுப்பை இங்கிருந்து வேறு யார் மேலும் தள்ள முடியாது என்பது அதன் பொருள்.

"ஹிரோஷிமாவை மறந்துவிட்டீர்களா?" என்று எதிரணியில் கேட்டார்கள். மறக்கவில்லை. 1945 ஆகஸ்டில் அந்தக் குண்டைப் போடச் சொன்னவர் இதே ட்ரூமன். அது சரியா என்று உலகம் இன்றும் கேட்கிறது, கேட்கவும் வேண்டும். பொறுப்பு உள்ளவர் தவறே செய்யமாட்டார் என்று நான் சொல்லவில்லை. தளபதி செய்தான், விஞ்ஞானி செய்தான் என்று அவர் கடைசிவரை ஒளியவில்லை. அதனால்தான் அந்தக் கேள்வியை இன்றைக்கும் அவரை நோக்கி நம்மால் நேராகக் கேட்க முடிகிறது. யார் செய்தார் என்றே தெரியாத நாட்டில் நீதியை யாரிடம் போய்க் கேட்பது?

வள்ளுவர் ஒருவரை நம்புவதற்கு முன் எப்படி ஆராய வேண்டும் என்று 'தெரிந்து தெளிதல்' என்றே ஓர் அதிகாரம் வைத்தார். குணத்தையும் பார், குற்றத்தையும் பார், எது மிகுதியோ அதை வைத்து முடிவு செய் என்பது அவர் காட்டிய வழி. நானும் அதைத்தான் செய்தேன். வில்சனின் படிப்பை மறைக்கவில்லை. ஹூவரின் தர்மத்தை மறைக்கவில்லை. ட்ரூமனின் குண்டையும் மறைக்கவில்லை.

மணி அடிச்சிட்டாரு நடுவர். முடிச்சிடறேன் ஐயா.

அறிவு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அது வண்டியின் விளக்கு. தொழில் திறமை வேண்டாம் என்றும் சொல்லவில்லை; அது இஞ்சின். ஆனால் வண்டி ஒருவன்மேல் ஏறிவிட்டால், இறங்கி வந்து தூக்குகிற ஓட்டுநரா, விளக்கை அணைத்துவிட்டுப் பறக்கிற ஓட்டுநரா? விளக்கு நல்லா எரியுது, இஞ்சின் நல்லா ஓடுது என்றால், தப்பி ஓடுகிறவன் இன்னும் வேகமாக ஓடுவான்! ஆகவே, அதிபர் நாற்காலிக்கு முதல் தகுதி பொறுப்புணர்வே, பொறுப்புணர்வே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)